காசு கட்டும் முன் பக்கத்தில் நின்று பாருங்கள்: எம்.ஏ. (உதவி மருத்துவ அதிகாரி) வேலையைப் பார்க்க அனுமதி வாங்கும் வழி

மலேசியாவில் பகாவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்தில் ஒரு பிள்ளை மருத்துவத் துறைக்குப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்களுக்கு டாக்டர், நர்ஸ் இந்த இரண்டு வேலைகள்தான் நினைவுக்கு வரும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்த கையோடு நான் கைப்பேசியில் தேடித் தேடி, டாக்டருக்குத் துணையாக நோயாளிகளைப் பார்க்கும் ‘ஃபிசிஷன் அசிஸ்டண்ட்’ என்ற வேலையின் பெயரைக் கண்டுபிடித்தேன். உடனே ஓர் ஏஜெண்டு அழைத்தார், இடம் பிடித்து வைக்கவேண்டும் என்றார், அப்பா குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். அந்தப் படிப்பு இங்கே வேலைக்கு ஆகாது என்று தெரிந்தபோது பணம் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் தோட்டத்துக் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் ஐயா ஒன்று கேட்டார்: “இந்த வேலையைச் செய்யுற ஆளு பக்கத்துல ஒரு நாளாவது நின்னு பார்த்தியா?” நான் பார்த்ததில்லை. பார்க்க அனுமதி வாங்கவே எனக்கு நான்கு மாதமும் மூன்று கடிதமும் ஆயின. இப்போது டிப்ளோமா கடைசி ஆண்டில் இருக்கிறேன். நான்கு மாதம் இழுத்த அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் ஐந்தாறு வாரத்தில் முடித்திருக்கலாம் என்று இன்றைக்குத் தெரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

1. முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

இணையத்தில் ‘ஃபிசிஷன் அசிஸ்டண்ட்’ என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்கா பற்றியது. அங்கே அது முதல் பட்டத்துக்குப் பிறகு படிக்கும் முதுகலைப் படிப்பு, ஏறக்குறைய 27 மாதம், முடித்ததும் உரிமம் பெற நாடு தழுவிய தேர்வு ஒன்று எழுதவேண்டும். தமிழ்நாட்டில் அதே பெயரில் இளநிலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. நம் நாட்டில் அந்த வேலைக்கு நெருக்கமாக இருப்பவர் உதவி மருத்துவ அதிகாரி. மலாயில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், சுருக்கமாக பி.பி.பி. மருத்துவமனையில் பழைய ஆட்கள் எம்.ஏ. (மெடிக்கல் அசிஸ்டண்ட்) என்பார்கள், இன்னும் பழைய ஆட்கள் எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட்) என்பார்கள், தோட்டத்தில் டிரசர். நான் இங்கே எம்.ஏ. என்றே எழுதுகிறேன்.

இவர்கள் 1977-ஆம் ஆண்டு மருத்துவ உதவியாளர்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்கள். தோட்டத்து டிரசர்களுக்கு 1965-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டும் வேறு பதிவு, ஆகவே ஒரு டிரசர் பக்கத்தில் நிற்கப் போனால் அவர் எந்தப் பதிவில் இருக்கிறார், எங்கே படித்தார் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வந்த வழி இன்றைக்கு உங்களுக்குத் திறந்திருக்கும் வழியாக இருக்கவேண்டும் என்றில்லை.

இன்னொரு குழப்பம், இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். தனியார் கிளினிக் வாசலில் ‘கிளினிக் அசிஸ்டண்ட் தேவை’ என்று ஒட்டியிருப்பார்கள். அது கவுண்டரில் பெயர் பதிந்து, மருந்து எடுத்துக்கொடுத்து, டாக்டருக்குக் கைவேலை செய்யும் வேலை. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, என் அத்தை மகள் அதைத்தான் செய்கிறாள். ஆனால் அங்கே ஒரு வாரம் நின்றுவிட்டு ‘எம்.ஏ. வேலையைப் பார்த்துவிட்டேன்’ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

2. எங்கே நிற்பது

மூன்று இடம் உண்டு, முடிந்தால் மூன்றிலும் நில்லுங்கள்.

தோட்டத்துக் கிளினிக்: அனுமதி சீக்கிரம் கிடைக்கும். டிரசர் சம்மதித்தால் மட்டும் போதாது, தோட்ட மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், அலுவலகக் கிராணியிடம் (குமாஸ்தா) கொடுத்தால் மேசைக்குப் போய்விடும். டாக்டர் எந்த நாளில் வருவார் என்று கேட்டு, அவர் வரும் நாள் ஒன்றும் வராத நாள் ஒன்றும் நில்லுங்கள். டாக்டர் இல்லாத நாளில்தான் எதைத் தானே பார்ப்பது, எதை மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அந்த ஒற்றை ஆள் முடிவெடுப்பது தெரியும்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்: கிளினிக் கெசிஹாத்தான். நீரிழிவு, ரத்த அழுத்தம், புண் கட்டுவது, சின்னக் காயம் எல்லாம் இங்கே.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு: அனுமதி கிடைக்கக் கூடுதல் நாளாகும், ஆனால் இந்த வேலையின் கடினமான பக்கம் இங்கேதான் தெரியும். அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவசரப் பிரிவில் போய் நின்றால் கண்முன் என்ன நடக்கிறது என்றே விளங்காது.

3. கடிதத்தை யாருக்கு எழுதுவது

என் நான்கு மாதத்தில் பாதியைத் தின்றது இதுதான். சுகாதார கிளினிக்கில் நிற்கவேண்டும் என்று அந்தக் கிளினிக் கவுண்டரிலேயே போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதிலே வரவில்லை. கிளினிக் கெசிஹாத்தான் எல்லாம் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின்கீழ் வருபவை, ஆகவே கடிதம் மாவட்டச் சுகாதார அதிகாரிக்குப் போகவேண்டும். மருத்துவமனை என்றால் மருத்துவமனை இயக்குநருக்கு. இரண்டுக்கும் ‘வழி: தலைமை உதவி மருத்துவ அதிகாரி’ என்று ஒரு வரி சேருங்கள், ஏனென்றால் உங்களை யார் பக்கத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அவர்தான்.

இரண்டாவது கடிதத்தில் இன்னொரு தவறு. ‘லத்தியான்’ என்று எழுதினேன், அதாவது பயிற்சி. பயிற்சி என்றதும், எந்தக் கல்லூரி, காப்புறுதி எங்கே, பயிற்சிக் குறிப்பேடு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கல்லூரியிலும் சேராத ஆளுக்கு அதெல்லாம் எங்கிருந்து வரும்? மூன்றாவது கடிதத்தில் ‘பெமெர்ஹத்தியான்’ என்று மாற்றினேன், அதாவது பார்வையிடல். ‘நோயாளியைத் தொடமாட்டேன், எந்தச் சிகிச்சையும் செய்யமாட்டேன், கண்ணால் பார்க்க மட்டும்’ என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். பதில் வந்தது.

கடிதம் மலாயில், ஒரே பக்கம். நீங்கள் யார், எந்தப் பள்ளியில் படித்தீர்கள், ஏன் எம்.ஏ. வேலையைப் பார்க்கவேண்டும், எத்தனை நாள், எந்தத் தேதிக்குள், கைப்பேசி எண். ‘எப்போது வேண்டுமானாலும்’ என்று எழுதாதீர்கள், இரண்டு வாரத்தைக் குறிப்பிட்டு அதில் மூன்று நாள் கேளுங்கள். நிறைய நாள் கேட்டால் தயங்குவார்கள், மூன்று நாள் என்றால் கையெழுத்துப் போடுவது சுலபம். மலாய் சரளமாக வராதென்றால் பழைய மலாய் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். என் கடிதத்தைத் திருத்தித் தந்த ஆசிரியை, ஏன் இந்த வேலை என்பதற்கு நான் எழுதியிருந்த நீளமான பத்தியை வெட்டிவிட்டு, “என் தோட்டத்தில் டிரசர் ஒருவரின் வேலையைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்” என்று ஒரே வரி வைத்தார்.

4. கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்

ஒரே ஃபைலில் மூன்று செட் போட்டு வையுங்கள், ஏனென்றால் மூன்று இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள்:

அடையாள அட்டை நகல், இரு பக்கமும் ஒரே தாளில்.
எஸ்.பி.எம். முடிவு, வரவில்லை என்றால் பள்ளியின் கடைசித் தேர்வு முடிவு.
பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சான்று.
கடவுச்சீட்டு அளவுப் படம் நான்கு.
18 வயது ஆகவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், அவர்களின் அடையாள அட்டை நகலோடு.
சிறுவயதுத் தடுப்பூசிப் புத்தகத்தின் நகல்.

தடுப்பூசிப் புத்தகத்தில்தான் நம் தோட்டப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறோம். லயத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வீடு மாறும்போது அது தொலைந்து போயிருக்கும். அவசரப் பிரிவில் என்னிடம் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்றுதான் முதலில் கேட்டார்கள். புத்தகம் இல்லை என்றால் குழந்தையில் ஊசி போட்ட கிளினிக்கில் பதிவு இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள், கடிதம் போட்ட பிறகு தேட ஆரம்பித்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

நகல்களில் ‘உண்மை நகல்’ என்ற சாப் (முத்திரை) வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் போட்டுத் தருவார், காசு கிடையாது. பள்ளி விடுமுறைக்கு முன்பே போய்விடுங்கள்.

அனுமதி கிடைத்த பின் ஒரு பாரம் (படிவம்) தருவார்கள், நோயாளிகளைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாரம். அதை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சின்ன ஊரில் இது விளையாட்டில்லை. நீங்கள் பார்க்கும் நோயாளி பக்கத்து லயத்துக்காரராக இருப்பார், மறுநாள் கோயிலில் அவருடைய மனைவியைப் பார்ப்பீர்கள். அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது.

5. எந்த மாதம், எந்த நாள்

எஸ்.பி.எம். முடிந்ததிலிருந்து முடிவு வரும்வரை உள்ள காலம்தான் சரியான காலம். நான் எழுதிய 2022 எஸ்.பி.எம். முடிவு 2023 ஜூன் 8-ஆம் தேதிதான் வந்தது. அந்த இடைவெளியை முழுதாகப் பயன்படுத்தியிருக்கலாம், நான் செய்தது என்னவென்றால் முதல் கடிதத்தை நோன்பு மாதம் தொடங்கும் நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அடுத்தது ஹரிராயா, பாதிப் பேர் விடுப்பில். கடைசித் தேர்வு எழுதிய அதே வாரத்தில் கடிதம் போகட்டும்.

நேரில் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட சாப்பும் தேதியும் வாங்குங்கள், இது மிக முக்கியம், சாப் இல்லாத கடிதத்தைப் பற்றிப் பின்னால் யாரிடமும் கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை கவுண்டர் மூடியிருக்கும். பத்து வேலை நாள் பொறுத்து ஒரு முறை அழையுங்கள், அப்புறம் வாரம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் நாளைப் பொறுத்தவரை, சுகாதார கிளினிக்கில் திங்கள் காலை கூட்டம் அலைமோதும், யாருக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை பேச நேரம் இருக்காது. புதனோ வியாழனோ கேளுங்கள். மருத்துவமனையில் ஷிப்ட் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, பிறகு இரவு ஷிப்ட். மதிய ஷிப்ட் ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் நேரம் அது, அவசரப் பிரிவு நிறைவதும் அப்போதுதான்.

6. செலவு

பார்வையிட யாரும் கட்டணம் கேட்கவில்லை. யாராவது ‘ஏற்பாடு செய்து தருகிறேன்’ என்று காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எனக்கு ஆன செலவு: படம் 12 வெள்ளி, போட்டோஸ்டேட் 9 வெள்ளி, கறுப்புக் காலணி 45 வெள்ளி, கறுப்புக் கால்சட்டை 35 வெள்ளி, எட்டு நாள் சாப்பாட்டுக்கும் மோட்டார் சைக்கிள் பெட்ரோலுக்கும் சேர்த்து ஏறக்குறைய 90 வெள்ளி. மொத்தம் 191 வெள்ளி. பள்ளிக் காலணியைக் கறுப்பாக்கிப் போட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஏஜெண்டுக்குக் கட்டிய 500-ஐ நினைத்தால் இது ஒன்றுமேயில்லை.

7. நின்று பார்க்கும் நாளில்

வயிறு நிறையப் பசியாறிவிட்டுப் போங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், தையல் போடுவதைப் பார்த்துத் தலைசுற்றிச் சுவரில் சாய்ந்துவிட்டேன், வேலையை விட்டுவிட்டு ஒருவர் என்னைப் பார்க்க வேண்டியதாயிற்று. தலை லேசாகச் சுற்றியதுமே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

கைப்பேசியைப் பையில் வையுங்கள். படமே எடுக்கக்கூடாது, உங்கள் முகத்தை மட்டும் எடுத்தாலும் பின்னால் ஒரு நோயாளி இருப்பார். சின்ன நோட்டுப் புத்தகம் போதும், அதில் நோயாளி பெயர் எழுதாதீர்கள். ஆம்புலன்சில் ஏறலாமா என்று கேட்காதீர்கள், ஏற்றமாட்டார்கள். நோயாளி ‘இந்தப் பையன் வேண்டாம்’ என்றால் முகம் சுளிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூத்த எம்.ஏ.-வை என்சிக் (ஐயா) என்றோ புவான் (அம்மா) என்றோ அழையுங்கள், அவரே தமிழராக இருந்தாலும் நோயாளி முன்னால் அப்படியே. தேநீர் நேரத்தில் அண்ணன், அக்கா என்று அவர்களே சொல்ல வைப்பார்கள்.

மொழிபெயர்க்கச் சொன்னால் மட்டும் வாயைத் திறங்கள். வயதான தமிழ்ப் பாட்டி ஒருவர் மலாயில் திணறினால் உதவ மனம் துடிக்கும், தெரிகிறது, ஆனாலும் முதலில் எம்.ஏ.-விடம் கேளுங்கள்.

8. எதைக் கவனிப்பது

நம்மில் பலர் ரத்தத்தையும் தையலையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது இந்த வேலையின் ஒரு மூலைதான்.

அவசரப் பிரிவில் முதல் கவுண்டரைப் பாருங்கள். வருபவரை ஒரு பார்வை, இரண்டு கேள்வி, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், அவ்வளவில் சிவப்பா (உடனே பார்க்கவேண்டியவர்), மஞ்சளா, பச்சையா (காத்திருக்கலாம்) என்று பிரித்து அனுப்புபவர் எம்.ஏ. கையில் அரிவாள் வெட்டோடு சத்தம் போட்டவர் பச்சைக்குப் போனார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த ஓர் இந்தோனேசியத் தொழிலாளி சிவப்புக்குப் போனார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கூட்டம் குறைந்ததும் எம்.ஏ.-விடம் கேட்டேன், அந்தத் தொழிலாளியின் தோல் நிறத்தையும் வியர்வையையும் சொன்னார். ஒரு நாளில் இப்படி மூன்று ‘ஏன்’ கேட்டால் போதும், அதுவும் வேலை ஓய்ந்த நேரத்தில்.

மருந்து எழுதும்போது பாருங்கள். சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் யார் எழுதலாம் என்று ஓர் எழுத்துக் குறி இருக்கிறது: ஏ என்றால் நிபுணர், பி என்றால் மருத்துவ அதிகாரி, சி என்றால் எம்.ஏ. போன்றவர்களும் எழுதலாம். ஒரு நோயாளிக்கு எந்த இடத்தில் எம்.ஏ. பேனாவை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். அந்த எல்லைக்குள் வேலை செய்ய உங்களுக்கு மனம் ஒப்புமா? டாக்டர் ஆக முடியாததால் இதற்கு வருகிறேன் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு அந்த இடம் தினம் தினம் உறுத்தும். என் வகுப்பில் இரண்டு பேர் அதனாலேயே பாதியில் போனார்கள்.

எம்.ஏ. வேலை எங்கெல்லாம் இருக்கிறது என்றும் கேளுங்கள். மாவுக்கட்டு அறை, ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு, அறுவைக்கூடத்தில் மயக்க மருந்துக்கு உதவி, போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான மெத்தடோன் கிளினிக், பிணவறை. பிணவறை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டாயம் இதையெல்லாம் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இந்த வேலைதான் என்று முடிவானது அவசரப் பிரிவில் இல்லை, சுகாதார கிளினிக்கின் புண் கட்டும் அறையில். ஓய்வு பெற்ற பால்மரம் வெட்டும் தொழிலாளி, ஓர் அம்மா, நீரிழிவில் கால்விரல் போய்விட்டது. கட்டைப் பிரித்ததும் வந்த வாடையில் நான் இரண்டடி பின்னால் போனேன். அந்த எம்.ஏ. முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. புண்ணைக் கழுவிக்கொண்டே, வீட்டில் யார் சமைப்பது, வெளியே போகும்போது என்ன செருப்பு, ஊசி யார் போட்டுவிடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா வெறுங்காலோடு கோழிக்குத் தீனி போடப் போவது அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. இருபத்தைந்து நிமிடம். அடுத்தவர் காத்திருந்தார், அவரையும் அதே மாதிரிதான் பார்த்தார்.

அன்று இரவு நோட்டில் ‘அந்த வாடையில் நான் நிற்பேனா’ என்று மட்டும் எழுதினேன். மறுநாள் போய் அதே அறையில் நின்றேன், நிற்க முடிந்தது.

9. பார்த்த பிறகு, காசு கட்டும் முன்

நின்று பார்த்த மணிக்கணக்கு அமெரிக்காவில் விண்ணப்பத்துக்கே உதவும், அங்கே பல கல்லூரிகள் அதைக் கேட்கும். இங்கே அப்படியில்லை, உங்கள் சேர்க்கையை முடிவு செய்வது எஸ்.பி.எம். ஆகவே இதைப் புள்ளிக்காகச் செய்யாதீர்கள்.

இங்கே படிப்பு மூன்று ஆண்டு டிப்ளோமா. எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான மதிப்பெண்) வேண்டும்: மலாய், கணிதம், ஒரு அறிவியல் பாடம், இன்னும் இரண்டு பாடம், ஆங்கிலத்தில் தேர்ச்சி. வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, அதை மறந்துவிடாதீர்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் உண்டு, நமக்கு அருகில் சிரம்பானில் ஒன்று. அமைச்சின் அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள், வாட்சப்பில் சுற்றுவதை வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி, அதற்கு அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கேட்கலாம்.

தனியார் கல்லூரிக்கு ஒரு காசு கொடுப்பதற்கு முன் மூன்று காரியம். படிப்புகளை அங்கீகரிக்கும் அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தக் கல்லூரியின் பெயரையும் அந்த டிப்ளோமாவின் பெயரையும் நீங்களே தேடுங்கள், ஏஜெண்டு அனுப்பும் படம் கணக்கில் வராது. படித்து முடித்தவர்கள் 1977 சட்டத்தின்கீழ் மருத்துவ உதவியாளர் வாரியத்தில் பதிவு பெறமுடியுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் சொன்னதெல்லாம் பேச்சு. மருத்துவமனைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், போக்குவரத்தும் தங்குமிடமும் கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேளுங்கள். மூன்றாவதைக் கேட்காமல் சேர்ந்த என் நண்பன் ஒருவன் மாதம் 300 வெள்ளி வாடகையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

வெளிநாட்டு ‘ஃபிசிஷன் அசிஸ்டண்ட்’ பட்டத்தை ஏஜெண்டு காட்டினாலும் இதே கேள்விதான்: திரும்பி வந்தால் எந்தப் பதிவில் சேர்ப்பார்கள், எழுத்தில் கொடுங்கள். எனக்கு அந்தக் கடிதம் கடைசிவரை வரவில்லை.

இன்னும் ஒரு வேலை. நின்று முடித்த ஒரு வாரத்துக்குள் உங்களை நிறுத்திய எம்.ஏ.-வுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் மலாயில் நான்கு வரி நன்றி எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் தோட்டத்திலிருந்து இன்னொரு பிள்ளை கடிதத்தோடு அதே கவுண்டருக்கு வரும்.